அர்த்தநாரியின் கல்

நானும் அய்யனும் சேர்ந்து செய்த கடைசி வேலை, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்குப் புது வடம் மாட்டியது. அப்பாவை எங்கள் பக்கம் அய்யன் என்போம். பழையது நடுவில் நைந்துபோயிருந்தது. நான் லீவில் வந்திருந்தேன். காளைகளை அவிழ்த்துவிட்டு, உருளையைக் கழற்றித் துடைத்து, இருசுக்கு விளக்கெண்ணெய் விட்டு மறுபடி மாட்டினோம். அய்யன் தோல்பறியில் வடத்தைக் கட்டினார். நான் மேலே நின்று இழுத்துப் பிடித்தேன். முடிச்சை இறுக்கிவிட்டுத் தலைத்துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பொதங்கெழமை பெருமாயி ஊட்டுக்குப் போயிச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

"எந்தப் புதன்?"

"வர்ற பொதந்தான். நீ இருக்கறப்பவே முடிச்சரலாம்."

"போன தையிலயும் பொதங்கெழமைன்னுதான் சொன்னீங்க."

"அது வேற பொதன்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவர், கூடையைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் மொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று சேந்தமங்கலத்து டாக்டர் பிறகு சொன்னார். சொல்லி என்ன ஆகிறது.

பெருமாயியிடம் அவர் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். உன் புருஷன் உன்னை விட்டு ஓடவில்லை, மலையில் செத்துப்போனான், அவன் கல்லை எடுத்தவன் நான். இதைச் சொல்ல அவருக்கு 1931 ஆடியிலிருந்து 1944 வரை நேரம் இருந்தது.

கல் என்றால் என்ன கல் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அதற்கு எங்கள் ஊர் மலைக்கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கரட்டுப்புதூர், சேந்தமங்கலத்துக்கு மேற்கே சமவெளியில் இருக்கிறது. கிழக்கே கொல்லிமலை. ஏர் ஓட்டும்போது ஒரு சாலுக்கு மலை முகத்துக்கு நேரே வரும், அடுத்த சாலுக்கு முதுகுக்குப் போகும். ஊரில் சிலருக்கு அந்த மலைமேல் பைத்தியம். ஆடிப் பதினெட்டுக்கு மேலே போய்ச் சாமி கும்பிட்டு அருவியில் குளித்துவிட்டு வருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் கூட்டம் அதோடு நிற்காது. அறுவடை முடிந்தால் ஏறுவார்கள். மழை வரவில்லை என்றால் மேகத்தைக் கிட்டத்தில் பார்த்துவரப் போகிறோம் என்று ஏறுவார்கள். பலாப்பழம், மலைவாழை என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்வார்கள். சாக்கு இல்லாமலும் ஏறுவார்கள். ஏறும் நாளில் நிலக்காரன், கூலிக்காரன் என்ற பேச்சு கிடையாது. அடிவாரத்தைத் தாண்டினால் எல்லோரும் எல்லோருக்கும் 'சாமி'. கீழே இறங்கியதும் பழையபடி ஆகிவிடும் என்பது வேறு விஷயம்.

மலைக்குப் போகிறவர்களைத் தலை எண்ணக் கூடாது. எண்ணினால் ஒன்று குறையும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கல். கைக்கு அடங்குகிற கல், உளியால் போட்ட சொந்த அடையாளத்தோடு வீட்டுக் கூரை இறவாணத்தில் செருகியிருக்கும். ஏறுகிற அன்று அதை அடிவாரத்துப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு ஏற வேண்டும். இறங்கியதும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கல் கிடந்தால் ஆள் மேலே இருக்கிறான். கல் இல்லையென்றால் இறங்கிவிட்டான். எண்ணவே தேவையில்லை. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு இடத்தில் மட்டும்தான் அது பழுதாகும்.

அதோடு ஒரு விளையாட்டும் இருந்தது. கடைசியாகக் கல் எடுக்கிறவன்தான் கூட்டத்துப் பொங்கல் அண்டாவை ஊர்வரைக்கும் சுமக்க வேண்டும். வழியெல்லாம் கேலி நடக்கும். சுமக்கிறவன் முதுகில் மத்தளம் மாதிரித் தட்டிக்கொண்டு வருவார்கள். வருஷா வருஷம் அந்த அண்டா அர்த்தநாரிக்குத்தான் விழும். வழியில் எதைக் கண்டாலும் நிற்கிற ஆள். மலைக்காரர்களோடு பேச உட்கார்ந்துவிடுவான். பழம் அறுக்கப் போய்விடுவான்.

"அண்டாவுக்கு என்ற முதுகு பழகிப்போச்சுங்க. வேற ஆரு தூக்குனாலும் அழுகும்" என்பான்.

அர்த்தநாரி ஊரில் கூலிவேலை செய்தவன். சொந்த நிலம் இல்லை. அய்யன் நாச்சிமுத்து, கிணற்றுப் பாசனத்தில் ராகியும் சோளமும் கடலையும் போடுகிறவர். கீழே அவர்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். மேலே போனால் ஒருவரை விட்டு ஒருவர் பிரிய மாட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அர்த்தநாரி பேசுவான், அய்யன் கேட்பார். அய்யனுக்குப் பேச்சு வராது. எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். ஏரைக் கொடு என்றால் ஆகட்டும். பெண் பார்க்க வா என்றால் ஆகட்டும். சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. உடம்பால் செய்வதானால் எந்த வேலையும் செய்து முடித்துவிடுவார். வாயால் செய்ய வேண்டியது எதுவும் முடிந்ததில்லை. நான் மின்சார இலாகாவில் லைன் போர்மேன். லைனில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டால் உண்டு, இல்லை என்று இரண்டு பதில்தான் உண்டு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு 'ஆகட்டும்' என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

1931 ஆடியில் நடந்தது இது. எனக்கு அய்யன் சொன்னபடி சொல்கிறேன்.

பதினெட்டு முடிந்த மறுநாள் எல்லோரும் இறங்கினார்கள். தூறல் இருந்தது. முன்னால் கூட்டத்துத் தலைவர் அப்புசாமிப் பெரியப்பா. அவர் அய்யனுக்குப் பங்காளி. பின்னால் அய்யனும் அர்த்தநாரியும், மாரி, பெரியசாமி என்ற இன்னும் இரண்டு பேரும். அம்மாவுக்கு வீட்டில் காய்ச்சல் என்று அய்யன் நடையை எட்டிப் போட்டார். மற்ற மூன்று பேரும் மெதுவாக வந்தார்கள். அய்யன் அடிவாரத்துக்கு வந்தபோது வயசானவர்களை ஏற்றிய வண்டி புறப்படத் தயாராக இருந்தது. பெரியப்பா மரத்துக்கு அந்தப் பக்கம் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். அய்யன் தன் கல்லை எடுத்தார். மிச்சம் மூன்று கல் கிடந்தன. இந்த வருஷமும் அர்த்தநாரிதான் அண்டா தூக்கப் போகிறான் என்று தெரிந்தது. ஒரு தடவையாவது அவன் முதுகு தப்பட்டும் என்று அவன் கல்லையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அதை அவன் கையில் கொடுத்துச் சிரிக்கலாம் என்று நினைத்தாராம்.

அதற்குப் பின் மலைமேல் மழை கொட்டியது. பாதி வழியில் ஓர் ஓடை குறுக்கே போகும். கோடையில் கணுக்கால் நனையாது. அன்று அது ஆளை அடித்துக்கொண்டு போனது. பெரியப்பாவும் மற்றவர்களும் அடிவாரத்தில் இரண்டு கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததும் மேலே போய்த் தேடினார்கள். ஓடைக்குக் கீழே பாறைச் சந்தில் மாரி கிடைத்தான். இன்னும் கொஞ்சம் கீழே பெரியசாமி. இரண்டு கல், இரண்டு பிணம். தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மூன்றாவது ஒருவன் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அவன் அப்போது உயிரோடு இருந்தானா என்பதும் யாருக்கும் தெரியாது.

சேதி கேட்டு அய்யன் அடிவாரத்துக்கு ஓடினார். பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மாரியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அர்த்தநாரி எங்க?" என்று அய்யன் கேட்டிருக்கிறார்.

"அவன் கல்லு இல்லியே. நேத்தே எறங்கிட்டான்."

"எறங்குனதை ஆரு பாத்தது?"

"கல்லு இல்லீங்கறப்ப ஆரு பாக்கோணும்? இங்க ரெண்டு பேரு கெடக்கறாங்க. நீ எறங்கிப்போனவனைக் கேட்டுட்டு நிக்கற."

அய்யனின் கை மடியில் இருந்தது. அப்போது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் எழவில்லை என்றார். அன்று சாயங்காலம் தனியாக மேலே போனார். மறுநாளும் போனார். அந்த வாரம் முழுக்கப் போனார். ஓடை வடிந்த பிறகு பாறைச் சந்தெல்லாம் நுழைந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. செத்தவர்களுக்காக அழுதுகொண்டு போகிறான் என்று ஊர் நினைத்தது. அதற்குப் பின் அவர் சாகிறவரை மலை ஏறவில்லை.

பெருமாயி அப்போது சின்ன வயசு. ஒரே பெண் குழந்தை உண்ணாமலை. ராத்திரி வராத புருஷனைத் தேடி அவள் பெரியப்பாவிடம் போனாள். கல் இல்லையே என்றார் அவர். ஊரும் அதையே சொன்னது. கொஞ்ச நாளில் ஒருவன் ஓமலூர்ச் சந்தையில் அர்த்தநாரியைப் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன் மேட்டூர் அணை வேலையில் கல் சுமக்கிறான் என்றான். அவனோடு ஒருத்தி இருப்பதாக அடுத்த வாரமே ஒரு சேர்க்கை வந்தது. நிலக்காரன் ஒருவன் காணாமல் போயிருந்தால் ஊர் இவ்வளவு சுலபமாக நம்பியிருக்காது என்று நினைக்கிறேன். கூலிக்காரன் ஓடிப்போவான், அதிலென்ன ஆச்சரியம் என்று இருந்துவிட்டார்கள்.

ஆடிக்கு ஆடி ஏறுவதற்கு முன்னால் புளியமரத்தடியில் கூட்டம் நின்று செத்தவர்கள் பெயரைச் சொல்லும். மலையில் போனவர்கள் கல் அங்கேயே கிடக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். கல்லுக்கு மஞ்சள் வைத்து, 'மாரி சாமி, பெரியசாமி சாமி, கூட வாங்க' என்று பெரியப்பா கூப்பிடுவார். பெண்கள் அழுவார்கள். பெரியவர்களே அழுவார்கள். கூட ஏறியவர்களை விட்டுவிட்டு வந்தோமே என்ற துக்கம் அந்தக் கூட்டத்துக்குத் தீரவே இல்லை. மாரியின் பெண்டாட்டிக்கும் பெரியசாமியின் அம்மாவுக்கும் அன்று முதல் மரியாதை. பெருமாயிக்கு அங்கே இடம் கிடையாது. அவள் புருஷன் இறங்கிவந்தவன்.

தண்ணீர்க் கிணற்றில் அவளைக் கேட்பார்கள்.

"மேட்டூரான் வந்தானா பெருமாயி?"

"வந்தா உன்ற ஊட்டுக்கு மொதல்ல அனுப்பறேன், சோறு போடு" என்பாள். வாய்க்கு வாய் பதில் கொடுப்பாள். ஆனால் குங்குமம் வைக்காமல் தெருவில் இறங்க மாட்டாள். வரவேண்டியவன் வந்து பார்க்கும்போது நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாது என்பாள்.

அய்யன் அவளுக்கு என்னென்னவோ செய்தார். தை பிறந்ததும் அவள் கூரையைத் தன் கையால் மேய்ந்தார். ராகி அறுத்ததும் முதல் மூட்டை அங்கே போகும். உண்ணாமலைக்கு அம்மை போட்டபோது வேப்பிலையும் இளநீரும் தினம் கொண்டுபோனார். நல்ல மனுஷன் என்று ஊர் சொன்னது. அடிவாரத்தில் கல்லுக்குக் காவல் இருக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஏறிவிடுவார்கள், இவர் மரத்தடியிலேயே இருப்பார். ஒரு வருஷம் தங்கசாமி என்பவர் பின்னால் வருகிற தம்பியின் கல்லையும் சேர்த்து எடுத்தார். அய்யன் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவர். ஏன் அடித்தார் என்று யாருக்கும் புரியவில்லை. அன்றாவது சொல்லியிருக்கலாம்.

என்னை மேட்டூருக்கு வேலை கற்றுக்கொள்ள அனுப்பினார். ஊரில் அப்போது யாரும் பிள்ளையை அப்படி அனுப்பவில்லை. நான் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, பிறகு மின்நிலையம் வந்தபோது லைன் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் கேட்பார்.

"அங்க நம்மூர்ச் சாயல்ல ஆராச்சும் கண்ணுல பட்டாங்களா?"

"ஆயிரம் பேர் வேலை செய்யறாங்க. யாரைக் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன்."

1939இல் ஒரு தடவை வந்திருந்தபோது, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே என் வேலையைப் பற்றிச் சொன்னேன். லைனில் ஏறுகிற ஒவ்வொருவனும் தன் பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு ஏற வேண்டும். இறங்கியதும் தானேதான் எடுக்க வேண்டும். பலகையில் ஒரு வில்லை இருந்தாலும் கரண்ட் விடக் கூடாது. இன்னொருவன் வில்லையை எடுத்தவனுக்கு அன்றோடு வேலை போய்விடும். எவ்வளவு சிநேகிதனாக இருந்தாலும் சரி, உதவிக்காக எடுத்தாலும் சரி.

அய்யன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"எடுத்தா என்ன ஆவும்?"

"மேல இருக்கறவன் செத்துருவான்."

எழுந்து கை கழுவினார். அட்டாலிப் பரணில் ஏறி, கடலை மூட்டைக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். கருப்புக் கல். நடுவில் வெள்ளை வரி. வரிமேல் மூன்று உளிப்புள்ளி. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் முகம் தெளிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வாங்க, இப்பவே போலாம்" என்றேன்.

"எங்க?"

"பெருமாயக்கா ஊட்டுக்கு."

"நான் போறேன். நீ சொல்லப்புடாது. நாஞ்செஞ்சதை நாந்தான் சொல்லோணும்."

"எப்ப?"

"ஆகட்டும்."

அன்றிலிருந்து ஐந்து வருஷம், ஒவ்வொரு லீவும் இப்படித்தான் போயிற்று. ஒரு தடவை பொங்கல் முடியட்டும் என்றார். ஒரு தடவை அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார். ஒரு தடவை அவள் வீட்டு வாசல்வரை போய், கூரையில் ஓலை விலகியிருந்ததைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஓலையை மாத்திட்டு வந்தீங்க. சரி. சொன்னீங்களா?"

"அந்தப் புள்ள எதிர்ல இருந்துச்சு."

"அந்தப் புள்ளைக்கும் சேத்துத்தான் சொல்லோணும். ஓடிப்போனவன் மகள்னு ரெண்டு எடம் தட்டிப்போச்சு. வெண்ணந்தூர்க்காரங்க வாசல்ல வெச்சே கேட்டுட்டுப் போனாங்களாம். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"பொறகென்ன?"

தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு சொன்னார்.

"சொன்னா அவ தாலியக் கழட்டோணும். எல்லாத்தையும் எடுத்துட்டேன். அதையும் என்ற வாயால எடுக்கச் சொல்றயா?"

"இப்பத் தாலியோட நல்லாவா பொழைக்கறாங்க? ஊரெல்லாம் சிரிக்குது."

"ஒருவேளை மேட்டூர்ல..."

"நான் அங்கதான் இருக்கறேன். அவர் அங்க இல்லை. எங்கயும் இல்லை. நீங்களே அந்த ஓடையில தேடுனீங்க."

"கெடைக்கலியே" என்றார். இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் நான் அன்றே பஸ் ஏறிவிட்டேன். அம்மா சென்னியம்மாள் வழியெல்லாம் பின்னால் வந்து, "அப்பனும் மகனும் என்னத்துக்குத்தான் இப்படிப் பூனையும் எலியுமாட்ட நிக்கறீங்களோ" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அவர் செத்த அன்று பெருமாயி வந்தாள். குங்குமம் வைத்து, பூ வைத்து, சுமங்கலிகளோடு நின்றாள். 'என்னப் பெத்த அய்யனாட்டப் பாத்தீங்களே' என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கொள்ளிச்சட்டியோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் கல்லை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். காலை நேரம். உண்ணாமலை உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். பெருமாயி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சாமி. லீவு முடியலீங்களா?" என்று எழுந்தாள்.

"நீங்க உக்காருங்கக்கா. அய்யன் உங்களுக்கு ஒண்ணு குடுக்கணும்னு வெச்சிருந்தார்."

துணியைப் பிரித்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கல்லை அவள் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "உலக்கையை நிறுத்து" என்று மகளிடம் சொன்னாள். சத்தம் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. நீட்டவும் இல்லை. சொல்வதற்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் பதின்மூன்று வருஷம்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப எம் புருசன் எறங்கவே இல்ல."

"இல்லீங்க."

"ஒருத்தியும் கூட இல்ல."

"இல்லீங்கக்கா. இருந்ததே இல்லை."

"ம்." கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கூரைக்கு ஓலை நான் கேட்டனுங்களா, சாமி? ஒரு வருசமாச்சும் கேட்டிருப்பனா? தானா வருவாரு, ஏறுவாரு, மேய்வாரு, எறங்குவாரு. நான் கீழ நின்னு கும்புடுவேன். கும்புடறப்பவெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. வெக்கப்படறாருன்னு நெனச்சேன்."

மடியிலிருந்த கல்லைத் திருப்பிவைத்தாள்.

"அதுக்குப் பதிலா ஒரு வார்த்தை. கூரை ஒழுகிட்டுப் போவுது."

உண்ணாமலை முதல்முறையாகப் பேசினாள். "எங்கய்யன் பேரை அடிவாரத்துல சொல்லுவாங்களா?"

"சொல்ல வெக்கறேன்" என்றேன்.

அங்கிருந்து நேராக அப்புசாமிப் பெரியப்பாவிடம் போனேன். கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். முதலில் நம்பவில்லை.

"செத்தவன் மேல பழி போடாத. அப்பன் போயிக் கருமாதி ஈரம் காயல."

"பழி இல்லீங்க. கல்லு இப்பப் பெருமாயக்கா மடியில இருக்குது. போயிப் பாருங்க. மூணு புள்ளி."

மூணு புள்ளி என்றதும் அவர் முகம் மாறியது. அவர் கையால் கொத்திய புள்ளிகள் அவை என்று எனக்கு அப்போது தெரியாது.

"மேல இன்னொருத்தன் இருக்கறான்னு தெரிஞ்சிருந்தா நான் எறங்கியிருப்பனா?" என்றார். "பொணத்தைத் தூக்கறப்ப, செரி, எல்லாம் கெடைச்சிருச்சு, போலாமுன்னு நாந்தான் சொன்னேன். எல்லாம் கெடைச்சிருச்சுன்னு சொன்னேன்டா."

அவரைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. அவரிடமும் அய்யன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மாலையே எல்லோரும் மறுபடி ஏறியிருப்பார்கள். கூட்டம் முழுக்க அந்த ஓடையைச் சல்லடை போட்டிருக்கும்.

"இந்த ஆடிக்கு மூணாவது பேரும் சொல்றேன்" என்றார் கடைசியில். "நானே சொல்றேன். அவளை முன்னால நிக்கச் சொல்லு."

அதைச் சொல்லத் திரும்பப் பெருமாயி வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் டியூட்டி. அவள் முகம் கழுவியிருந்தாள். குங்குமம் அப்படியே இருந்தது. தாலியும் இருந்தது. உண்ணாமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அவள்தான் அழுதிருந்தாள். நான் சொன்னதைப் பெருமாயி கேட்டுக்கொண்டாள்.

"பேரு சொல்றது செரிங்க. அவங்க சொல்லட்டும். எனக்கு ஒண்ணு தெரியோணும்."

"கேளுங்க."

"மலையில போனவனுக்குப் போன எடத்துல வெளக்கு வெச்சுப்போட்டுத்தான் தாலியக் கழட்டோணும். அதுதான் எங்க மொறை. உங்கய்யன் எம் புருசனைக் கடைசியா எந்த எடத்துல உட்டுட்டு வந்தாரு?"

"ஓடைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"ஓடைக்கு அக்கட்டயா, இக்கட்டயா? மத்த ரெண்டு பேருகூடவா, தனியாவா? பழம் அறுக்கத் தோப்புக்குள்ள போயிட்டாரா? பொழுதுக்கும் மலையக் காட்டிக்கிட்டு நின்னா நான் எங்க போயி வெளக்கு வெக்கறது?"

எனக்குத் தெரியவில்லை. 'பின்னால வந்துட்டிருந்தாங்க' என்று மட்டும் அய்யன் சொன்னார். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று ஐந்து வருஷம் அவரை நெருக்கினேன். இந்தக் கேள்வி என் மனதில் வரவில்லை. பெரியப்பாவிடம் மறுபடி ஓடிப்போய்க் கேட்டேன். அவர் முன்னால் வந்தவர். "பின்னால அவனோட வந்ததுல உசுரோட திரும்புனது உங்கய்யன் ஒருத்தன்தான். அவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்த இடத்தைத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. பெருமாயியைக் கூட்டிக்கொண்டு பாதி மலை ஏறி, இங்கேதான் என்று கையை நீட்டிக் காட்டியிருக்க வேண்டும். காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அய்யன் அதைச் செய்யவில்லை.